பாதியில் எழுந்துபோனவர்களுக்கு

அன்புள்ள திரைப்படச் சங்க நண்பர்களே,

போன ஞாயிறு சாயங்காலம் ‘ஃபெஹேர்லோஃபியா’ ஓட ஆரம்பித்து இருபது நிமிடம்கூட ஆகியிருக்காது. பின்வரிசையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி இழுபட்டது. அப்புறம் இன்னொன்று. புரொஜெக்டர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்ததால் எனக்கு எண்ணுவதைத் தவிர வேறு வேலை இல்லை. வந்திருந்தவர்கள் முப்பத்தொன்பது பேர். படம் முடிந்து விளக்கைப் போட்டபோது இருபத்திரண்டு பேர். அந்தப் பதினேழு பேருக்குத்தான் இந்தக் கடிதம். மற்றவர்களும் படிக்கலாம், தடையில்லை.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். வாட்ஸ்அப் குழுவில் நான் போட்ட அறிவிப்பில் ‘ஹங்கேரிய அனிமேஷன் படம், 86 நிமிடம், அனைவரும் வரலாம்’ என்று மட்டும் இருந்தது. அனிமேஷன் என்ற சொல்லை நம்பிக் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டீர்கள். வந்து பார்த்தால் பிறப்பு, உடல், ரத்தம், இருட்டு. ஆறு வயதுப் பெண்குழந்தையின் கண்ணைப் பொத்தித் தூக்கிக்கொண்டு போன நண்பரிடம் மறுநாளே போனில் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். அந்தக் குழந்தை வீட்டுக்குப் போனதும் சிவப்பு கிரேயானை எடுத்து ஒரு குதிரை வரைந்ததாம். அவர் சொன்னது அது; நான் எதையும் நிரூபிக்க இதைச் சொல்லவில்லை.

மற்றவர்கள் வெளியே போய் டீக்கடையில் பேசிக்கொண்டது என் காதுக்கு வந்து சேர்ந்தது. மூன்று குறைகள். கலர் கண்ணைக் குத்துகிறது. கதை நம் பாட்டி சொன்ன கதை மாதிரி இருக்கிறது, இதைப் பார்க்க ஹங்கேரிவரை போகவேண்டுமா? மூன்றாவது, கொஞ்சம் கனமானது: இது அவர்களுடைய முன்னோர் வரலாறா, வெறும் கட்டுக்கதையா, எதைப் பார்க்கிறோம் என்றே பிடிபடவில்லை.

கலரிலிருந்து தொடங்குகிறேன். நீங்கள் நினைப்பதைவிடச் சரியான இடத்தில்தான் கையை வைத்திருக்கிறீர்கள்.

கையால் வரையும் அனிமேஷனில் வழக்கமான முறை இது: கண்ணாடிபோன்ற செல்லுலாய்டுத் தாளின் முன்பக்கம் உருவத்தின் வெளிக்கோட்டைக் கறுப்பில் இழுப்பார்கள், தாளைத் திருப்பிப்போட்டுப் பின்பக்கம் வண்ணம் பூசுவார்கள். கோடுதான் வேலி. மிக்கி மவுஸின் காது எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்பதில் பார்க்கிறவனுக்குச் சந்தேகமே வராது. 1981இல் புடாபெஸ்டின் பன்னோனியா ஸ்டுடியோவில் இந்தப் படத்தை எடுத்த மார்செல் யான்கோவிச் அந்த வேலியைப் பிடுங்கிப் போட்டுவிட்டார். ஒரு நிறம் முடிகிற இடத்தில் இன்னொரு நிறம் தொடங்குகிறது, அவ்வளவுதான். அதனால் எந்த உருவமும் தன் எல்லைக்குள் நிற்பதில்லை. கூந்தல் தீயாகிறது, தீ இலையாகிறது, இலை கண்ணாகிறது. உங்கள் கண்ணைக் குத்தியது நிறம் என்கிறீர்கள். எனக்கென்னவோ, பிடித்துக்கொள்ளக் கோடு கிடைக்காத தவிப்புதான் அது என்று தோன்றுகிறது.

ஆரம்பக் காட்சியைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அது முடியும்வரை எல்லோரும்தான் இருந்தீர்கள். இருண்ட காட்டுக்குள் ஒரு வெள்ளைக் குதிரை, நிறைசூலி, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவருகிறது. துரத்துவது பேயா, மரக்கிளையா, பல்லா என்று பிரிக்க முடியவில்லை. வானத்தை முட்டும் ஒரு மரம். அடிமரத்தில் ஒரு பொந்து. குதிரை அதற்குள் புகுந்ததும் துரத்தியது வெளியே நின்றுவிடுகிறது. உள்ளே பிள்ளை பிறக்கிறது. மரப்பொந்து எது, கருப்பை எது என்று அங்கே கேட்க முடியாது. இரண்டுக்கும் நடுவே கோடு இல்லை. பிறந்தவன் தாய்க்குதிரையிடம் பால் குடிக்கிறான், வளர்கிறான், மரத்தை வேரோடு பிடுங்கும் பலம் வரும்வரை குடிக்கிறான். பலம் வந்தபோது தாய் போய்விட்டாள். குடித்தது பால் மட்டுமில்லை என்று அப்போதுதான் அவனுக்கும் தெரிகிறது, நமக்கும் தெரிகிறது.

இரண்டாவது குறைக்கு வருகிறேன். பாட்டி கதைதான், மறுக்கவில்லை. லாஸ்லோ அரன்யி 1862இல் அச்சிட்ட நாட்டுப்புறக் கதைத் தொகுப்பில் இந்தக் கதை இருக்கிறது. மூன்று சகோதரர்கள், பாதாளம், பறவை முதுகில் திரும்பி வருதல் என்ற இந்தச் சட்டகத்துக்கு நாட்டுப்புறக் கதை ஆய்வாளர்கள் 301 என்று எண்ணே போட்டு வைத்திருக்கிறார்கள். உலகத்தில் அது சுற்றாத ஊர் குறைவு. ஆகவே, கேட்ட கதையாக இருக்கிறது என்று நீங்கள் சொன்னால் உங்கள் காது நன்றாக இருக்கிறது என்றுதான் பொருள்.

ஆனால் பெயர்களைக் கவனித்தீர்களா? ஆங்கில சப்டைட்டிலில் பார்த்ததால் அது போய்விட்டது. ஹங்கேரியமும் நம் தமிழ்போலச் சொல்லோடு சொல்லை ஒட்டவைத்துக்கொண்டே போகும் மொழி. ஃபெஹேர் என்றால் வெள்ளை, லோ என்றால் குதிரை, ஃபியா என்றால் அதன் மகன். வெண்பரிமகன். இடையில் ஒரு ‘உடைய’கூடத் தேவைப்படவில்லை. அவனுக்கு இன்னொரு பெயர் ஃபன்யூவோ, மரம்பிடுங்கி. ஒரு அண்ணன் கல்நொறுக்கி. இன்னொருவன் வாஷ்தியூரோ, இரும்பைப் பரோட்டா மாவுபோலப் பிசைகிறவன். மாவு பிசைவதற்குச் சொல்லும் அதே வினைச்சொல்லைத்தான் ஹங்கேரியமும் அங்கே போடுகிறது. அடுத்த தடவை தமிழில் ஒரு தாள் அச்சடித்துக் கையில் கொடுத்துவிடுகிறேன்.

கூழ்க் காட்சி வரும் நேரத்தில் பாதிப் பேர் டீக்கடையில் இருந்தீர்கள், அதைச் சொல்லவேண்டும். பாதாளத்துக்கு இறங்கக் கயிறு திரிக்கவேண்டும். இருவர் திரிக்க, ஒருவன் அடுப்பில் கூழ் காய்ச்சவேண்டும். ஆளைவிட நீளமான தாடியோடு ஒரு குள்ளன் வருகிறான். ஹேட்ஸ்யூன்யூ கபன்யான்யிமொன்யோக். இந்தப் பெயரை ஒரே மூச்சில் சொல்பவருக்கு டீ என் செலவு. கூழைக் கொடு, இல்லாவிட்டால் உன் வயிற்றின்மேல் ஊற்றித் தின்பேன் என்கிறான், கொதிக்கக் கொதிக்க அப்படியே செய்கிறான். முதல் அண்ணன் சூடுபட்டுக் கிடக்கிறான், தம்பிகளிடம் சொல்லவில்லை. மறுநாள் அடுத்தவன் சூடுபடுகிறான். அவனும் வாயைத் திறக்கவில்லை. வெட்கம்! மலையைப் பொடியாக்குகிற மகாபலசாலிகள், ஒரு முழ உயரத்துக் குள்ளனிடம் சாப்பாட்டைப் பறிகொடுத்ததை எப்படிச் சொல்வார்கள்? நம் வீடுகளில் ஆண்கள் கடன் வாங்கியதை மறைப்பது எனக்கு ஞாபகம் வந்தது. மூன்றாவதாக வெண்பரிமகன் அந்தத் தாடியையே பிடித்து மரத்தில் மாட்டிவிடுகிறான். பாதாளத்துக்கு வழி தெரிவது அந்தக் குள்ளனால்தான்.

அங்கே கீழே மூன்று அரக்கப் பாம்புகள். முதலாவதற்கு மூன்று தலை, கல்லால் ஆன உடம்பு. இரண்டாவதற்கு ஏழு தலை; அது பீரங்கி வண்டி, இரும்பு. மூன்றாவதற்குப் பன்னிரண்டு தலை. அடுக்குமாடிக் கட்டடங்களும் மினுக்கும் எண்களுமாக ஒரு நகரமே எழுந்து நிற்கிறது. ஆதிகாலக் கதை என்று நம்பி உட்கார்ந்திருந்தவன் அங்கே தூக்கிவாரிப்போட்டு நிமிர்ந்துவிடுவான். கல்லில் தொடங்கிய பகை 1981ஆம் ஆண்டின் புடாபெஸ்ட் ஜன்னலுக்கு வெளியே வந்து நிற்கிறது.

அன்றைய ஹங்கேரியின் கம்யூனிஸ்ட் ஆட்சியாளர்களுக்கும் படத்தின் முதல் திட்டத்தில் ஏதோ நெருடியது. காலமும் வெளியும் திரும்பத் திரும்பச் சுழல்கின்றன என்பதை மையமாக வைத்துத்தான் அவர் முதலில் கதையைத் திட்டமிட்டார். மார்க்சியத்தில் வரலாறு முன்னோக்கித்தான் போகும், சுற்றிவராது. எனவே இது சரிப்படாது என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். அவர் வாதாடிக்கொண்டிருக்காமல் ஒரு நாட்டுப்புறக் கதையை எடுத்துக்கொண்டார். கதையில் தொடக்கமும் முடிவும் இருக்கிறது, அதிகாரிகளுக்குத் திருப்தி. சுழற்சியைப் படத்தின் உருவங்களுக்குள் ஒளித்து வைத்துவிட்டார். திரையில் எத்தனை வட்டம், எத்தனை சூரியன், எத்தனை சக்கரம் என்று எண்ணிப் பாருங்கள். நான் எண்ணத் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டேன்.

மனிதரைப் பற்றியும் நாலு வரி. அவர் ஊர் வழக்கப்படி குடும்பப் பெயர் முதலில் வரும்: யான்கோவிச் மார்செல். நமக்கு இனிஷியல் முன்னால் நிற்பது மாதிரி. 1941இல் புடாபெஸ்டில் பிறந்தவர். 1950இல் அப்பாவுக்கு அரசியல் வழக்கு ஒன்றில் ஆயுள் தண்டனை. குடும்பம் நகரத்தைவிட்டு வெளியேற்றப்பட்டது. பன்னோன்ஹால்மாவில் பெனடிக்டின் துறவிகளின் பள்ளியில் படித்தார். இப்படிப்பட்ட அப்பாவின் பிள்ளைக்குப் பல்கலைக்கழகத்தில் இடமில்லை. 1960இல் பன்னோனியாவில், இரண்டு முக்கியமான ஓவியங்களுக்கு நடுவே வரும் அசைவுகளை வரைந்து நிரப்பும் கடைநிலை வேலைக்குச் சேர்ந்தார். பதின்மூன்று ஆண்டு கழித்து, 1973இல், ஹங்கேரியின் முதல் முழுநீள அனிமேஷன் படமான ‘யானோஷ் விடேஸ்’ அவருடையது. அடுத்த ஆண்டு ‘சிசிஃபஸ்’: இரண்டே நிமிடம், தூரிகையின் கறுப்புக் கோடுகள் மட்டும், ஒரு மனிதன் மூச்சிரைக்கப் பாறையை உருட்டுகிறான். ஆஸ்கர் பரிந்துரைவரை போனது அது. 1977இல் ‘க்யூஸ்தோக்’ என்ற குறும்படத்துக்குக் கான் விழாவில் தங்கப்பனை. கோட்டை வைத்து என்ன செய்யலாம் என்று உலகத்துக்குக் காட்டிய கைதான், நான்கு வருடம் கழித்துக் கோடே வேண்டாம் என்று முடிவெடுத்தது. 2021 மே மாதம் காலமானார்.

இனி அந்த மூன்றாவது குறை. இதற்காகத்தான் உண்மையில் எழுத உட்கார்ந்தேன்.

படம் தொடங்கும்போது ஒரு சமர்ப்பணம் வந்தது. சித்தியர்கள், ஹூணர்கள், அவார்கள், இன்னும் பிற நாடோடி மக்களின் நினைவுக்கு என்று. நாற்காலி தேடிக்கொண்டிருந்த நேரம், பலர் படித்திருக்க மாட்டீர்கள். அதில் ‘மாஜர்’ என்ற சொல் இல்லை. ஹங்கேரியர்கள் தங்களை அழைத்துக்கொள்ளும் பெயர் அதுதான். தங்கள் ஆதிக்கதையைச் சொல்ல வந்தவர், தங்களுக்கு முன்னால் அதே புல்வெளியில் குதிரை ஓட்டிப்போன, இன்று பெயர் மட்டுமே மிஞ்சியிருக்கும் கூட்டங்களை முதலில் கும்பிட்டுவிட்டுத் தொடங்குகிறார். அந்த நாட்டில் இது சாதாரண விஷயமில்லை. ஏனென்று சொல்ல ஒரு சுற்று சுற்றவேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாஜர்களுடைய வம்சக்கதை ஒரு வேட்டையில் தொடங்குகிறது. 1280களில் கேஸாவூர் ஷிமோன் என்ற பாதிரியார் லத்தீனில் எழுதிவைத்த வரலாற்றில் இருக்கிறது. மேன்ரோட் என்ற ராட்சதனுக்கும் ஏனேத் என்பவளுக்கும் இரண்டு பிள்ளைகள், ஹுனோரும் மாகோரும். வேட்டைக்குப் போன இடத்தில் ஒரு பெண்மான் எதிர்ப்படுகிறது. துரத்துகிறார்கள். அஸோவ் கடலோரச் சதுப்புநிலம்வரை இழுத்துக்கொண்டுபோய் மான் கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது. தேடித் தேடிப் பார்த்துக் கிடைக்காமல் சுற்றுமுற்றும் பார்த்தால், மந்தை மேய்க்க அருமையான இடம். அப்பாவிடம் உத்தரவு வாங்கிக்கொண்டு அங்கேயே தங்குகிறார்கள். ஐந்து ஆண்டு அசையவில்லை. ஆறாம் ஆண்டு வெளியே வந்தவர்கள், ஆண்கள் இல்லாமல் கூடாரங்களில் இருந்த பெண்களைக் கவர்ந்துகொண்டு போகிறார்கள். அவர்களில் ஆலன் இளவரசன் டூலாவின் இரண்டு பெண்களும் உண்டு. ஹுனோரின் வழியில் ஹூணர்கள், மாகோரின் வழியில் மாஜர்கள். அதாவது முதல் தலைமுறைத் தாய்மார்கள் எல்லோருமே வேறு கூட்டத்துப் பெண்கள், அதுவும் பலவந்தமாக வந்தவர்கள். பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் வம்சாவளியிலேயே இது பச்சையாக எழுதியிருக்கிறது.

இன்னொரு கதை அதற்கும் முந்தைய ஏட்டில், 1200ஐ ஒட்டிப் பெயர் சொல்லாமல் ஒருவர் எழுதியதில் உண்டு. எமெஷே என்ற பெண்ணின் கனவில் ஒரு வேட்டைப்பறவை இறங்குகிறது. அவள் வயிற்றிலிருந்து ஓர் ஆறு புறப்பட்டு அந்நிய நிலத்தில் பெருகுகிறது. பிறந்த பிள்ளைக்கு ஆல்மோஷ் என்று பெயர். ஆலோம் என்றால் கனவு. அவன் மகன் ஆர்பாதின் காலத்தில்தான், 895ஐ ஒட்டி, மாஜர்கள் கார்பாத்தியன் மலைகளுக்கு உள்ளே வந்து இறங்கினார்கள். ஆல்மோஷ் பன்னோனியச் சமவெளிவரை வரவில்லை. எர்தேயில், அதாவது டிரான்சில்வேனியாவில், அவன் கொல்லப்பட்டான் என்று பிந்தைய ஏடு ஒற்றை வரியில் சொல்லிவிட்டு மேலே போய்விடுகிறது. கனவில் பிறந்தவன் கனவு காட்டிய நிலத்தை மிதிக்கவில்லை.

இது ஏட்டுக்கதை. மொழி சொல்வது வேறு. 1769இல் வெள்ளிக் கோள் சூரியனைக் கடப்பதைப் பார்க்க நார்வேயின் வடகோடியில் வார்டோ என்ற இடத்துக்கு மாக்சிமிலியன் ஹெல் என்ற வானியலாளர் போனார். கூடப்போன யானோஷ் ஷாய்னோவிச்சுக்கு அங்கே சாமி இன மக்கள் பேசியது காதில் விழுந்தது. மறு வருடமே அவர் புத்தகம் போட்டார்: நம் மொழியும் இவர்கள் மொழியும் ஒன்று! கை, மீன், ரத்தம் மூன்றுக்கும் ஹங்கேரியத்தில் கேஸ், ஹல், வேர். சாமியின் உறவு மொழியான ஃபின்னிஷில் கேஸி, கலா, வேரி. தப்பவே முடியாத உறவு. ஆனால் ஹூண மன்னன் அட்டிலாவைப் பாட்டன் என்று கொண்டாடிக்கொண்டிருந்த பிரபுக்களுக்கு, மீன்பிடித்துப் பிழைக்கிற வடக்கத்தி ஏழைகள் சொந்தக்காரர்களா? ‘மீன்வாடை அடிக்கும் உறவு’ என்று மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். மொழிவழியில் மிக நெருங்கிய உறவினர்களான கந்தி, மான்சி மக்கள் இன்றும் யூரல் மலைக்கு அப்பால் ஓப் ஆற்றங்கரையில் இருக்கிறார்கள்.

உறவைத் தேடிக் கால்நடையாகவே கிளம்பியவரும் உண்டு. 1819இல் புறப்பட்ட ஷாந்தோர் கோரோஷி சோமா மூதாதையர் ஊரைத் தேடி ஆசியாவுக்குள் நடந்தார். லடாக் வந்தார், ஸன்ஸ்காரில் பனிக்குளிரில் ஒரு லாமாவிடம் திபெத்திய மொழி படித்தார். மூதாதையர் கிடைக்கவில்லை. 1834இல் கல்கத்தாவில் திபெத்திய–ஆங்கில அகராதி வெளிவந்தது. லாசா போகும் வழியில் 1842இல் டார்ஜிலிங்கில் காய்ச்சலில் இறந்தார். கல்லறை அங்கேதான் இருக்கிறது. மானைத் துரத்திப்போய் வேறொரு மேய்ச்சல் நிலத்தைக் கண்டவர்களின் வரிசையில் எனக்கு மிகப் பிடித்தவர் இவர்.

நமக்கும் இதில் ஒரு சின்ன ஓரம் உண்டு. 1856இல் கால்டுவெல் தன் ஒப்பிலக்கணத்தில் திராவிட மொழிகளுக்கு வெளியே உறவு தேடியபோது, ஃபின்னியமும் ஹங்கேரியமும் அடங்கிய ‘சித்தியக்’ கூட்டத்தோடுதான் முடிச்சுப் போட்டுப் பார்த்தார். இன்றைய மொழியியல் அதை ஏற்பதில்லை. ‘என் வீடுகளில்’ என்பதற்கு அவர்கள் ஹாஸாய்ம்பன் என்று ஒரே சொல்லில் பன்மை, என்னுடைமை, இடம் எல்லாவற்றையும் வாலாகக் கோத்துவிடுவதைக் கேட்டால் அவருக்கு ஏன் அப்படித் தோன்றியது என்று புரியும். தோன்றியது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். ‘ஹங்கேரியும் தமிழும் ஒரே இனம்’ என்று யாராவது குழுவில் ஃபார்வர்ட் போட்டால் அதற்கு நான் பொறுப்பில்லை.

இப்படி ஏட்டில் ஒன்று, மொழியில் ஒன்று, ஆசையில் ஒன்று என்று கிடந்த தொடக்கத்துக்கு அந்த நாடு அழுத்தமான கறுப்புக்கோடு போட்டுப் பார்த்தது. வந்திறங்கிய ஆயிரமாவது ஆண்டென்று 1896ஐக் கொண்டாடியது. ஆர்பாத் ஃபெஸ்டி தலைமையில் ஓவியர்கள் சேர்ந்து 120 மீட்டர் சுற்றளவில் ‘மாஜர்களின் வருகை’யை வரைந்தார்கள், நடுவில் நின்று பார்த்தால் எந்தப் பக்கம் திரும்பினாலும் வெற்றிதான். 1907இல் தாதாபான்யாவின் மலைமேல் எமெஷேயின் கனவுப்பறவையை வெண்கலத்தில் வார்த்து, காலில் வாளும் கொடுத்து உட்காரவைத்தார்கள். கனவில் வந்த பறவைக்கு எதற்கு வாள்? பிற்பாடு அதே பறவையைத் தீவிர வலதுசாரிகள் தங்கள் சின்னமாக்கிக்கொண்டபோது கேட்கவேண்டியிருந்த கேள்வி அது.

ஃபெஸ்டியின் ஓவியத்தையும் யான்கோவிச்சின் படத்தையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தபிறகுதான் அந்தக் கோடில்லாத உருவங்களின் வேலை எனக்கு உறைத்தது. தொடக்கத்தைச் சுற்றிக் கோடு போட முடியாது என்பதை அவர் வாயால் சொல்லவில்லை; 86 நிமிடம் வரைந்து காட்டினார். குதிரை தாயாகி, தாய் பாலாகி, பால் பலமாகி, இன்ன இடத்திலிருந்து மனிதன் என்று விரல் வைக்க விடாமல். ‘வரலாறா, கட்டுக்கதையா, பிடிபடவில்லை’ என்றீர்களே, உங்களுக்குப் படம் புரியவில்லை என்று இதை நான் எடுத்துக்கொள்ளவில்லை. நன்றாகவே புரிந்திருக்கிறது. புரிந்தது பிடிக்கவில்லை, அவ்வளவுதான். அது உங்கள் உரிமை.

அதற்காகப் படத்துக்கு நான் வக்காலத்து வாங்குவதாக நினைக்கவேண்டாம். மூன்று அரக்கர்கள், மூன்று கோட்டைகள், மூன்று சண்டைகள் என்று வரும் பகுதியில் இரண்டாவது சண்டைக்கே எனக்குக் கொட்டாவி வந்தது. இளவரசிகளுக்கு மீட்கப்படுவதைத் தவிர வேலை இல்லை. அவ்வளவு பெரிய தாய்க்குதிரையை வரைந்தவர் அவர்களுக்கு ஆளுக்கொரு குணம் தந்திருக்கலாம். வெளிவந்தபோது உள்ளூரிலேயே படம் பெரிதாக எடுபடவில்லை. 1984இல் லாஸ் ஏஞ்சலஸில் நடந்த கணிப்பு ஒன்றில் உலகின் ஐம்பது சிறந்த அனிமேஷன் படைப்புகளில் 49ஆவதாக வந்தது. கடைசிக்கு முந்தைய பெஞ்சு. சில ஆண்டுகளுக்கு முன் 4கே தரத்தில் புதுப்பித்த பிறகுதான் வெளியுலகம் பரவலாகப் பார்க்கத் தொடங்கியது. நாம் ஓட்டியதும் அந்தப் பிரதிதான்.

அந்த மான் கதையையும் அவர் விடவில்லை. 2002இல் ‘ஏனெக் அ சோடாஸர்வஷ்ரோல்’, அற்புத மானின் பாடல், என்று நான்கு பகுதியாக ஒரு படம் எடுத்தார். முதல் ஸ்டீபன் மன்னன் முடிசூடி ஆயிரம் ஆண்டானதை நாடு கொண்டாடி முடித்த சமயம். உலகப் படைப்பிலிருந்து கிறிஸ்தவ அரசு வரை போகிறது. என் தீர்ப்பு: அறிவில் இதுதான் பெரிய படம், கலையில் வெண்பரிமகன்தான். மான் படத்தில் ஆசிரியர் குரல் அடிக்கடி வந்து தோளைத் தட்டி விளக்குகிறது. எழுபதுகளின் இளைஞர் அரசோடு முட்டி வரைந்தார். பிந்தைய காலத்தில் அவரே அரசின் தேசியப் பண்பாட்டு நிதியத்துக்குத் தலைமை வகித்தவர். அந்த வித்தியாசம் படத்தில் தெரிகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். எனக்குக் கொஞ்சம் தெரிகிறது.

ஒரு தகவல் மட்டும் படத்தில் இல்லாதது, புடாபெஸ்டின் தேசிய அருங்காட்சியகத்தில் இருப்பது. 1923இல் தாபியோசென்ட்மார்தோன் என்ற ஊரில் மண்ணுக்கு அடியிலிருந்து ஒரு தங்க மான் கிடைத்தது. கால்களை மடித்து, கொம்பை முதுகில் சாய்த்து வைத்திருக்கிறது. சித்தியர்கள் செய்தது, கிறிஸ்துவுக்கு முன் ஆறாம் நூற்றாண்டு. மாஜர்கள் மானைத் துரத்திக்கொண்டு அந்த நிலத்துக்கு வருவதற்கு ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்பே மான் அங்கே போய்ப் படுத்திருக்கிறது.

விடுபட்ட இன்னொரு காட்சியையும் சொல்லிவிட வேண்டும் என்று கை துறுதுறுக்கிறது. கழுகுத்தலையும் சிங்க உடலுமான ஒரு ராட்சதப் பறவை வெண்பரிமகனைப் பாதாளத்திலிருந்து முதுகில் ஏற்றிக்கொண்டு பறக்கிறது. பறக்கப் பறக்க இறைச்சி கொடுத்துக்கொண்டே இருக்கவேண்டும். மேலுலகம் கண்ணுக்குத் தெரியும் நேரத்தில் இறைச்சி தீர்ந்துபோகிறது. பறவை திரும்பிப் பார்க்கிறது. அவன் என்ன கொடுத்தான் என்பதை இருந்து பார்த்த இருபத்திரண்டு பேரிடம் கேட்காதீர்கள், சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

அடுத்த ஞாயிறு அதே இடம், மாலை ஆறு மணி. முழுப்படமும் ஆரம்பத்திலிருந்து ஓட்டுகிறேன். பத்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள். கதவோரம் உட்காராதீர்கள், மூன்றாவது வரிசை நடுவில் இடம் போட்டு வைக்கிறேன். இந்தத் தடவையும் பிடிக்காவிட்டால் டீக்கடைக்கு நானும் வருகிறேன், படம் முடிந்த பிறகு.

அன்புடன்,
புரொஜெக்டர் பக்கத்தில் நின்றவன்